நீலக் கயிற்றில் ஏறிய அலமாரி

அந்த மீட்பு நிலையத்தில் ஆளைவிடக் கயிற்றுக்குத்தான் மரியாதை அதிகம். ஆள் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தால், "எழுந்து போய் மருந்து போடுப்பா" என்பதோடு முடிந்தது. கயிறு தரையில் விழுந்தால் நிலையமே எழுந்து நிற்கும். யார் போட்டது, ஏன் போட்டான், கையில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்று விசாரணை தொடங்கிவிடும். விசாரிக்கிறவள் கயிற்று அறையின் பொறுப்பாளி. நேரில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் மகாராணி. பல்லிக்கு மட்டும் மனைவி. பாவம், அவனுக்கு முதுகுக்குப் பின்னால் என்று ஓர் இடமே கிடையாது.

பல்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுகிற லட்சணத்தைப் பார்த்து நிலையத்துக்காரர்கள் வைத்தது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் நின்றுகொண்டு சாவகாசமாக மூக்கைச் சொறிவான். அப்பேர்ப்பட்ட தைரியசாலி, சொந்த வீட்டு வாசலில் செருப்பை எந்தப் பக்கம் கழற்றி விடுவது என்று நின்று யோசிப்பான்.

சும்மா சொல்லக்கூடாது, கயிற்றை அவள் பார்த்துக்கொள்கிற அழகே தனி. வெயிலில் காயப் போடமாட்டாள். நிழலில்தான், காற்றாட, தொங்கவிட்டு. சோப்பு என்றால் குழந்தைக்குப் போடுகிற மாதிரி மென்மையானது, அதுவும் சொட்டுச் சொட்டாக. கயிற்றை மிதித்தால் செருப்பு மண் மேலுறைக்குள் புகுந்து உள்ளே இருக்கிற நரம்புகளை ஓயாமல் அறுத்துக்கொண்டிருக்கும் என்பாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் முழுக் கயிற்றையும் ஜாண் ஜாணாக விரல்களுக்கு நடுவே விட்டு உருவிப் பார்ப்பாள். மேலே பளபளவென்று இருக்கிற கயிறு உள்ளே செத்துப்போயிருக்கும். அதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் கத்தியை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கிவிடுவாள். முழுசாக விட்டால் எவனாவது எடுத்து மறுபடியும் தொங்குவான் அல்லவா? இதிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. அத்தனையும் நியாயம்.

நியாயத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவளுக்கு வாய் என்று ஒன்று இருந்ததே!

நிலையத்தில் மூட்டை என்று ஒருவன். நல்ல பலசாலி, ஆனால் நடந்தால் தரை அதிரும். ஒருநாள் தெரியாத்தனமாகக் கயிற்றின் ஒரு முனையை மிதித்துவிட்டான். மிதித்த கையோடு, இல்லை, மிதித்த காலோடு, ஓடிப்போய் அவனே சொல்லியும் விட்டான். "அக்கா, மிதிச்சுட்டேன், பாத்துக்கங்க." அப்பாவி! அன்று முழுக்க அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கயிற்றிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாள். கயிறு மன்னித்ததோ என்னவோ, அவள் மன்னிக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போன் போட்டு அவன் பெண்டாட்டியிடமும் சொன்னாள். அன்றிலிருந்து மூட்டை கயிற்று அறைப் பக்கம் போனால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

நிலையத் தலைவருக்கு இதில் பரம திருப்தி. வாரம் தவறாமல் கூட்டம் போடுவார். "கயிறு வெறும் கயிறு இல்ல. நம்ம உயிரு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். தன் உயிரைக் கயிற்றில் தொங்கவிட்டு அவருக்கு வருஷங்கள் ஆகிவிட்டன. இடுப்புப் பட்டையின் இரண்டு முனைகளும் அவர் வயிற்றைச் சுற்றி வந்து சந்திப்பதே இல்லை. இருந்தாலும் பேச்சு கணீரென்று இருக்கும். "மகாராணி இருக்கிற வரைக்கும் நம்ம கயிறுகளுக்கு ஒரு கீறல் விழாது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே "அம்மா இருக்கிற வரைக்கும்" என்று திருத்திக்கொள்வார்.

இனி பல்லி செய்த வேலைக்கு வருவோம்.

பல்லியின் அண்ணன் நாலாவது மாடியில் வீடு பிடித்துக் குடிபோனார். எல்லாச் சாமானும் படியேறிவிட்டது. அண்ணியின் அலமாரி மட்டும் ஏறவில்லை. முழு மரம், ஆள் உயரக் கண்ணாடி, மாடிப்படித் திருப்பத்தில் போய் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதைக் கழற்றலாம் என்று சொன்ன தச்சரை அண்ணி பார்த்த பார்வையில் அவர் கருவிகளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். அலமாரி இல்லாத வீட்டில் தானும் இல்லை என்று அண்ணி தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் தம்பிக்குப் போன் போட்டார். "ஏன்டா, ஊர்ல இருக்கிறவனை எல்லாம் கயித்துல தூக்குற. கூடப் பிறந்தவனுக்கு ஒரு அலமாரி தூக்கக்கூடாதா?"

"அண்ணே, அந்தக் கயிறெல்லாம் வெளிய எடுக்கக்கூடாதுண்ணே. அவ கொன்னுடுவா."

"யாரு, உன் பெண்டாட்டியா? நீயெல்லாம் ஒரு ஆம்பள!"

இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பேர் எத்தனை முட்டாள்தனம் செய்திருக்கிறார்கள்! பல்லிக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விடுமுறை நாள் பார்த்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நீலக் கயிற்றை எடுத்தான். விளிம்பில் கயிறு உரசாமல் இருக்க அடியில் விரிக்கிற தடித்த பாய் ஒன்று உண்டு. அதை எடுக்கவில்லை. ஒரு சாமான் காணாமல் போனால் தெரியாது, இரண்டு போனால் தெரிந்துவிடும் என்று ஒரு மகா கணக்கு.

படியில் மாட்டியிருந்த அலமாரியை நாலு பேர் சேர்ந்து எப்படியோ தெருவுக்கே திருப்பி இறக்க, அது கயிற்றில் ஏறத் தொடங்கியது. மொட்டைமாடியில் பல்லியும் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் இழுத்தார்கள். சொரசொரப்பான சிமெண்ட் விளிம்பில் கயிறு கரகரவென்று உரசியது. தெருவில் நின்று அண்ணி அலமாரிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடிவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்தது. தும்முகிறவன் ஒரு கையையாவது கயிற்றில் வைத்திருக்க வேண்டாமோ? இரண்டு கையையும் மூக்குக்குக் கொடுத்தார் அந்த மனுஷன். அலமாரி சர்ரென்று ஒரு மாடி உயரம் இறங்கி, கயிறு விண்ணென்று விறைத்து, நடு ஆகாயத்தில் தொங்கி ஆடியது.

"ஐயோ, கண்ணாடி!" என்று அலறினாள் அண்ணி. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அப்பாடா என்றார்கள். கயிற்றுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக் குளியலறையில் பல்லி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கயிற்றை அலசினான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல், எல்லாம் அட்சர சுத்தம். காய்ந்ததும் விரல்களுக்கு நடுவே விட்டு உருவினான். ஓரிடத்தில் விரல் அமுங்கியது. மற்ற இடமெல்லாம் விறைப்பாக இருக்க, அந்த ஒரு ஜாண் மட்டும் எலும்பை உருவிவிட்ட விரல்போலத் துவண்டது. வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே நரம்பு போய்விட்டது.

அப்போதே வெட்டியிருக்க வேண்டும். வெட்டினால் கயிறு எங்கே என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால்? மூட்டைக்கு ஒரு மிதிக்கு அவ்வளவு என்றால், ஒரு அலமாரிக்கு எவ்வளவு? அதுவும் அண்ணி வீட்டு அலமாரிக்கு! வாழ்நாள் முழுக்க, சாப்பிடும்போது, தூங்கும்போது, பிள்ளைகள் கல்யாணத்தில், பேரப்பிள்ளைகள் முன்னால் இதே பேச்சு. கயிற்றை அழகாகச் சுற்றி, பையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நீலம் ரொம்பச் சுத்தமா இருக்கு. யாரோ உக்கார வச்சுக் குளிப்பாட்டின மாதிரி."

"நல்ல கயிறு அது," என்றான் பல்லி.

"ஆமா. நல்ல கயிறு."

சொல்லிவிட வேண்டும் என்று அவனும் நினைக்காமல் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான். "ஒரு விஷயம் சொல்லணும்."

கத்தி நின்றது. "சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். "குளியலறைக் குழாய் ஒழுகுது."

"ஒழுகலையே. இப்பத்தானே வந்தேன்."

"ஒழுகும்," என்றான் பல்லி. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் நன்றாக இருந்த குழாயைத் தளர்த்தி ஒழுகவைத்தான். பிறகு அதைச் சரிசெய்ய முடியாமல் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு பொய்யை நனைய விட்டால் இப்படித்தான்.

படுத்தால் தூக்கம் இல்லை. அந்தக் கயிற்றில் யாரோ ஒருவன் தொங்கப் போகிறான். மூட்டையாக இருக்கலாம். அவன் எடைக்கு அந்த ஜாண் எத்தனை நொடி தாங்கும்? புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் ஒரு திட்டம் போட்டான். நீலம் வெளியே வருகிற நாளெல்லாம் தான் மட்டுமே இறங்குவது. அறுந்தால் தன்னோடு போகட்டும். அவளுக்கும் திட்ட ஆள் இருக்காது. யோசித்துப் பார்க்க, இதுதான் இருக்கிற வழிகளிலேயே சுலபமானதாக அவனுக்குப் பட்டது. சாவதற்குத் துணிந்துவிட்டான் மனுஷன், பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை சொல்லத் துணியவில்லை! இவனைத்தான் நிலையத்தில் சிங்கம் என்று வேறு சொல்வார்கள்.

எந்த வேலை வந்தாலும் "நான் இறங்குறேன், நான் இறங்குறேன்" என்று முதல் ஆளாக முன்னால் போய் நின்றான். தலைவர் கூட்டத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தார். "கடமை உணர்ச்சின்னா இது!" மகாராணியும் தட்டினாள். அவனையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

அந்த நாளும் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். கண்ணாடி முகப்பு வைத்த உயரமான அலுவலகக் கட்டடத்தில், சன்னல் துடைக்கிறவர் ஏறி நிற்கும் தொங்கு மேடையின் ஒரு பக்கத்து இழுவைக் கம்பி அறுந்துவிட்டது. எட்டாவது மாடி உயரத்தில் மேடை ஒருபக்கமாகச் சரிந்து தொங்க, நடுத்தர வயது மனிதர் ஒருவர் கம்பியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். வாளியும் துணியும் ஏற்கெனவே தெருவுக்குப் போய்விட்டன.

டிரைவர் வண்டியைக் கட்டடத்தின் அடியில் நிறுத்திக் கூட்டத்தை விலக்கினான். மற்றவர்கள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். மகாராணி தூணில் கயிறு மாட்டுவதற்கான கட்டுப் போட்டாள், விளிம்பில் பாய் விரித்தாள். பிறகு பையைத் திறந்து இரண்டு கயிறுகளை எடுத்தாள். ஆள் தொங்குகிற கயிறு ஒன்று; அது அறுந்தால் பிடிக்கிற காவல் கயிறு ஒன்று. காவலுக்கு வெள்ளை. தொங்குவதற்கு நீலம்.

நீலத்தைப் பார்த்த பயத்தில், பிடிக்க வெள்ளை இருக்கிறது என்பதுகூடப் பல்லியின் மண்டையில் ஏறவில்லை. "நான் இறங்குறேன்," என்றான்.

"தெரியுமே," என்றாள் அவள். அவன் இடுப்புப் பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். அவன் கண்ணுக்குள் பார்த்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல."

"ஒண்ணுமில்லையா?"

"குழாய் இப்ப ஒழுகல," என்று உளறிவிட்டு விளிம்பைத் தாண்டினான்.

மூட்டை மேலே பிரேக்கைப் பிடித்துக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒவ்வொரு அடி இறங்கும்போதும் பல்லி அந்தத் துவண்ட ஜாணைத் தேடினான். எங்கே இருக்கிறது? தலைக்கு மேலேயா? இன்னும் சுருளுக்குள்ளேயா? பயத்தில் வியர்த்தாலும் திட்டப்படிதான் எல்லாம் நடக்கிறது என்று ஒரு அசட்டு ஆறுதல். மேடைக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"தம்பி, அந்தக் கயிறு ரெண்டு பேரையும் தாங்குமா?"

மீட்பு வேலை என்றால் போகும்போது ஒருவன், வரும்போது இருவர் என்கிற சின்ன விஷயம் பல்லியின் மகா திட்டத்தில் விட்டுப்போயிருந்தது. எத்தனையோ வருஷமாக இதையே தொழிலாகச் செய்கிறவன்! யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் "யானையையே தாங்கும், வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வது அவன் வழக்கம். வாயைத் திறந்தான். வரவில்லை. தான் சாவது ஒரு பேச்சு. இந்த மனுஷனைக் கட்டி அணைத்துக்கொண்டு, பயப்படாதீங்க என்று சொல்லி, சாகடிப்பதா? கை தானாக வாக்கி டாக்கிக்குப் போனது.

"நிறுத்துங்க!" என்று கத்தினான். "மேல இழுங்க. கயிறு மோசம். நீலம் மோசம்!"

மேலே சலசலப்பு. தலைவர் குரல் கீச்சென்று வந்தது. "என்னப்பா சொல்ற?"

"நான்தான் எடுத்தேன். நீலத்தை. அண்ணன் வீட்டுக்கு. அலமாரி தூக்கினேன். பாய் போடல. அலமாரி விழுந்துச்சு, கயிறு இழுத்துப் பிடிச்சுது, உள்ள நரம்பு போயிடுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. சாவிய உன் கைப்பையிலருந்து எடுத்தேன். குழாயும் ஒழுகல. நான்தான் ஒழுக வச்சேன்!"

மேலே மூட்டை, கீழே டிரைவர், வண்டியின் ஒலிபெருக்கி வழியாகத் தெருவில் கூடி நின்ற அத்தனை பேர், எல்லோரும் கேட்டார்கள். பிறகு மகாராணியின் குரல், மளிகைக்கடையில் சாமான் சொல்கிற மாதிரி நிதானமாக வந்தது.

"தெரியும். இறங்குங்க."

"என்ன தெரியும்?"

"அந்த நீலத்தை மறுநாளே வெட்டிப் போட்டாச்சு. இது பெட்டியில இருந்த இன்னொரு நீலம். விரல் விட்டு முழுக்கப் பாத்துட்டேன். இறங்குங்க, அவர் பாவம் எவ்வளவு நேரம் தொங்குவாரு?"

பல்லி அந்தரத்தில் தொங்கியபடியே பேய்முழி முழித்தான். கோபமா, நிம்மதியா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இறங்கி, அந்த மனிதருக்குப் பட்டையை மாட்டி, தன்னோடு சேர்த்துக் கொக்கி போட்டான். "யானையையே தாங்குமாம், வாங்க," என்றான். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒன்றாகக் கீழே இறங்கினார்கள். எட்டு மாடி. வழியெல்லாம் வாக்கி டாக்கியில் தலைவர் "மெதுவா... மூட்டை, மெதுவா... ரொம்ப மெதுவா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாளும் இல்லாத அக்கறை. கீழே பார்த்தால் டிரைவர் அவர்களுக்கு நேர் அடியில் வந்து, இரண்டு கையையும் அகல விரித்து, விழுந்தால் பிடிக்கப் போகிறவன் மாதிரி நின்றிருந்தான். நம் ஆட்களுக்குத்தான் நம்மேல் எவ்வளவு பாசம் என்று பல்லிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

கால் தரையில் பட்டது. கூட்டம் கை தட்டியது. கண்ணாடி துடைக்கிறவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மேலே இருந்தவர்களும் கயிறுகளோடு இறங்கி வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போதுதான் பல்லிக்குக் கோபம் வழி கண்டுபிடித்து வந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் ராத்திரியெல்லாம் தூங்கல. செத்துச் செத்துப் பொழைச்சேன்!"

"நீங்களே வாய் திறந்து சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்." கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு. கை தட்டினப்போ சொல்வீங்கன்னு நெனச்சேன். கொக்கி மாட்டினப்பவாவது சொல்வீங்கன்னு நெனச்சேன். மோசமான கயிறுன்னு நம்பிக்கிட்டே விளிம்பு தாண்டிப் போறீங்க!" கை நின்றது. "சாகத் தயாரா இருக்கீங்க. எங்கிட்டச் சொல்லத் தயாரா இல்ல. அவ்வளவு பயமா, என்னைக் கண்டா?"

மூட்டை தரையைப் பார்த்தான். தலைவர் கட்டடத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றான் பல்லி.

அவளுக்கு முகம் சுருங்கியது. இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் பதில் அதுதான். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டிரைவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா. அது பெட்டியில இருந்த நீலமா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"போன மழைக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனோமே, அப்ப அதை வண்டிக்குப் பின்னால பேட்டரி மேல வச்சுட்டேன்க்கா. பேட்டரித் தண்ணி கசிஞ்சு ஒரு பக்கம் ஊறிப்போச்சு. தொடச்சுக் காய வச்சுத் திருப்பி வச்சுட்டேன். ஒண்ணும் தெரியல, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

பேட்டரித் தண்ணீர் என்றால் அமிலம். அது கயிற்றை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்? கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். முழுக்க விரல் விட்டுப் பார்த்து, நல்லது என்று அவளே தேர்ந்தெடுத்த கயிறு.

"ஏன்டா சொல்லல?"

"மூட்டை சொன்னானே, அவனை என்ன பண்ணீங்கன்னு பாத்தேன்லக்கா. இப்பவும் நீங்க பெட்டியில இருந்ததுன்னு சொன்னதும் வாக்கி டாக்கிய எடுத்தேன். வாய் வரல. அதான் கீழ வந்து நின்னேன், விழுந்தா பிடிச்சுக்கலாம்னு."

எட்டு மாடியிலிருந்து விழுகிற இரண்டு ஆட்களைக் கையில் ஏந்திப் பிடிக்கலாம் என்று நின்றிருக்கிறான்! அதற்குத் தைரியம் இருந்திருக்கிறது, பாருங்கள், ஒரு பொத்தானை அமுக்கிப் பேசத்தான் இல்லை.

அவள் வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை," என்று தனக்குத் தானே சொன்னாள். "காவலுக்கு வெள்ளை இருந்துச்சு. நீலம் போயிருந்தாலும் வெள்ளை பிடிச்சிருக்கும். வெள்ளையை யாரும் தொடல."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வெள்ளையாம்மா," என்றார். "அது வந்து... என் கார் சேத்துல புதைஞ்சிருச்சு பாரு. அவசரத்துக்கு வேற எதுவும் கைக்குக் கிடைக்கல."

"காரையா இழுத்தீங்க?"

"சின்னக் கார்தாம்மா."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இடிக்காகக் காத்திருந்தார்கள். இடி வரவில்லை. அவள் அண்ணாந்து அந்த எட்டு மாடியைப் பார்த்தாள். நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். பிறகு பல்லியின் பக்கம் திரும்பி அவன் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கீழே விழப்போகிறவனைப் பிடிக்கிற பிடி அது.

"எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுத்தான் இறங்குங்கன்னேன்," என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள், அத்தனை பேர் முன்னாலும். ராத்திரியெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தைப் பல்லி தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

பின்னாலிருந்து மூட்டை மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அக்கா, நானும் ஒண்ணு சொல்லணும். அந்தச் சிவப்புக் கயிறு இருக்கே..."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பல்லியின் சட்டையை விடவில்லை.

"சொல்லுப்பா," என்றாள்.